திடல் நமக்கு

ஒரே சொல்லில் மூன்று தரப்பினர் பங்கு கேட்ட வழக்கு இது. முழுதும் கேட்டபின் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

கடலுக்கு அருகே வடக்குத் தோப்பு என்றொரு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு இருந்தது. கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பிகள் வெளியே தெரியத் தொடங்கியதும், அதனை இடித்துவிட்டுக் கீழே கடைகளும் நடுவே அலுவலகங்களும் மேலே வீடுகளுமாக ஒரே வளாகம் கட்ட வாரியம் முடிவு செய்தது. அந்த இடத்தில் வாழ்வோரும் பிழைப்போரும் ஒப்பாமல் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது என்பது விதி. அந்த ஒப்புதலைப் பெற்றுத் தரும் பொறுப்பு மங்கையர்க்கரசியிடம் வந்தது.

மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பதே அவள் தொழில். ஆயினும் இத்தனை கூட்டங்களை அவள் வேறெங்கும் நடத்தியதில்லை. ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி கிறீச்சிடும். காகிதக் குவளையில் தேநீர் ஆறிப்போகும். லிஃப்ட் நின்றுவிட்டால் பிணத்தை மாடியிலிருந்து எப்படி இறக்குவது என்று அதே பெரியவர் எழுந்து கேட்பார். அவள் விளக்குவாள்; அவர் தலையாட்டுவார்; அடுத்த கூட்டத்திலும் கேட்பார். வீடு திரும்பும்போது தன் குரலே அவளுக்குச் சலித்துப் போயிருக்கும்.

மற்றவை ஒருவழியாக ஒத்து வந்தபின் நடுவிலிருந்த திடல் மட்டும் இழுபறியாக நின்றது. குடியிருப்பார் அங்கே பந்தலிட்டுத் திருமணம் நடத்துவர். மாலையானால் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் கூடையை இறக்கி மீன் விற்பர். அப்பெண்களுக்கு அங்கே வீடில்லை. பிழைப்பு மட்டும் அங்கேதான். சாலையோரம் அமர்ந்தால் விரட்டப்படுவர். ஆகவே விதிப்படி ஒப்புதலுக்கு அவர்கள் கையும் உயர்ந்தாக வேண்டும்.

இறுதிக் கூட்டத்தில், கட்டுமான நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த ரகோத்தமன், கடைகளுக்கு வருவோரின் வண்டிகளைத் திடலில் நிறுத்தலாம் என்றார். குடியிருப்போர் சங்கத் தலைவர் துரைக்கண்ணு எழுந்து அவரைப் பார்த்தார்.

“எங்க திடல்ல உங்க வண்டி நிக்கக் கூடாது சார்.”

ரகோத்தமன் அமர்ந்தார். திட்டத்துக்கு ஒப்புதல் உண்டா என்று மங்கையர்க்கரசி கேட்டதும் குடியிருப்பாரின் கைகள் உயர்ந்தன. மீன்காரப் பெண்களின் கைகளோ மடியிலேயே கிடந்தன. துரைக்கண்ணு அவர்கள் பக்கம் திரும்பினார்.

“திடல் நமக்குத்தான். இன்னும் என்ன யோசனை? கை தூக்குங்க.”

பெண்களும் உயர்த்தினர். ஒப்புதல் கிடைத்ததென்று மங்கையர்க்கரசி அறிவித்தாள். மகிழ்வதற்குக்கூட அன்று அவளிடம் தெம்பில்லை.

வரைபடம் முடிவாகும் வேளையில், திடல் யாருக்கென்று வாரியம் கேட்டது. மீண்டும் கூட்டம், மீண்டும் அதே நாற்காலிகள். திடலைச் சுற்றிச் சுவர் எழுப்பிப் பூட்டுப் போட வேண்டும் என்றார் துரைக்கண்ணு. ‘நமக்கு’ என்று தாம் சொன்னது குடியிருப்பாரை மட்டுமே எண்ணித்தான் என்றும், சொன்னவனுக்குத் தெரியாத பொருள் வேறு யாருக்குத் தெரியும் என்றும் அவர் வாதிட்டார்.

மீன்காரப் பெண்களில் மூத்தவளான தேசம்மாள் நாற்காலியை விட்டு எழவில்லை.

“எங்களுக்குன்னு சொல்லியிருந்தா நாங்க எதுக்குண்ணே கை தூக்கப் போறோம்? எங்க மூஞ்சியப் பாத்துதானே நமக்குன்னு சொன்னே? இப்ப நாக்கு மட்டும் சங்கத்துக்குச் சொந்தமா?”

இதைக் கேட்டு ரகோத்தமனுக்கும் துணிவு வந்துவிட்டது. தாமும் அந்தக் கூட்டத்தில் இருந்தவரே என்றும், ‘நமக்கு’ என்பது கேட்டவரையும் சேர்க்குமானால் தம் நிறுவனத்துக்கும் அதில் இடமுண்டு என்றும் அவர் மென்மையாக எடுத்துரைத்தார்.

“டீ குடிச்சதுக்குத் திடலா சார்?” என்றாள் பின்வரிசையில் ஒரு பெண். சிலர் சிரித்தனர், அந்தச் சிரிப்பிலும் களைப்பே இருந்தது.

இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட மங்கையர்க்கரசிக்கு ஆசைதான். ஆனால் அன்று முடிவு சொல்லாவிட்டால் திடலை வண்டி நிறுத்துமிடமாகவே வரைந்துவிடுவதாக வாரியம் முன்பே தெரிவித்திருந்தது. எல்லாரும் அவளையே பார்த்தனர். அந்தப் பெரியவர்கூட லிஃப்டை மறந்திருந்தார்.

சொன்னவர் துரைக்கண்ணு, நம்பியவள் தேசம்மாள், உடனிருந்தவர் ரகோத்தமன். இம்மூவரில் யார் கேட்பது சரி? அந்த ‘நமக்கு’ யாருக்கு?

விடை: ‘நாங்கள்’ என்னும் சொல் கேட்பவரை வெளியே நிறுத்தும், ‘நாம்’ என்னும் சொல் அவரை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஆனால் கேட்பவர் என்பார் காதில் விழுந்த எல்லாரும் அல்லர். யாரை நோக்கிச் சொல்லப்பட்டதோ அவரே. ரகோத்தமனிடம் ‘எங்க’, ‘உங்க’ என்று கோடு கிழித்த பின்னரே துரைக்கண்ணு பெண்கள் பக்கம் திரும்பினார். ஆகவே நிறுவனத்துக்கு இடமில்லை. குடியிருப்பாரின் கைகள் முன்பே உயர்ந்துவிட்டன. எஞ்சியிருந்தவை பெண்களின் கைகளே. அவற்றை உயர்த்தத்தான் ‘நமக்கு’ என்றார். மனத்தில் எதனை மறைத்திருந்தாலும், அச்சொல்லால் பெற்றதை வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் திரும்பப் பெற அவரால் இயலாது. திடல் குடியிருப்பாருக்கும் மீன்காரப் பெண்களுக்கும் பொது, சுவர் கூடாது. மங்கையர்க்கரசி அவ்வாறே கூறினாள். “எழுதறப்பவும் நமக்குன்னே எழுதும்மா” என்றாள் தேசம்மாள். மங்கையர்க்கரசி மறுத்தாள், எழுத்தில் அப்படி இட்டால் படிப்பவர் ஒவ்வொருவரும் உள்ளே வந்து அமர்ந்துவிடுவர். களைத்த குரலில் அப்பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கினாள்.