நல்ல கண்

டாக்டர் அருளானந்தம் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மாணவராகப் போனார்.

சாத்தூரில் அவருக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கண் மருத்துவமனை இருந்தது. புரை எடுப்பதில் கெட்டிக்காரர் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். ஆனால் சுண்ணாம்போ ஆசிடோ பட்டு வெந்த கண்ணோடு வருகிறவர்களை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பி அனுப்பி மனம் சலித்துப்போனது. மருத்துவமனையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுத் திருநெல்வேலிக்கு, டாக்டர் பர்ஸானாவிடம் வந்து சேர்ந்தார்.

பர்ஸானா வயதில் அவரைவிட மிகவும் இளையவர். அவர் பர்ஸானாவை ‘டாக்டர்’ என்பார். பர்ஸானா அவரை ‘சார்’ என்பார்.

பர்ஸானாவிடம் அவர் கற்க வந்தது இதுதான். ஒரு கண் வெந்தவருக்குப் பெரும்பாலும் இன்னொரு கண் நன்றாக இருக்கும். அந்த நல்ல கண்ணில், கறுப்பும் வெளுப்பும் சந்திக்கிற விளிம்பில், ஓர் எள்ளளவு சதையைச் சீவி எடுப்பார்கள். கருவிழியின் மேல்தோலை ஆயுசுக்கும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செல்கள் குடியிருப்பது அங்கேதான். பிரசவத்தில் குழந்தையைச் சுற்றி வருகிற பனிக்குடச் சவ்வை, தாய்மாரிடம் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்து வைத்திருப்பார்கள். அந்தச் சவ்வின் மேல் எள்ளளவு சதையை வைத்து, தீனி கொடுத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தால், செல்கள் பெருகிப் படர்ந்து இரண்டு வாரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் ஆகும். அதை வெந்த கண்ணின் மேல் பதிப்பார்கள்.

அருளானந்தம் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருந்தார். ஒரு நாள் காலை பர்ஸானா சொன்னார்.

“நாளைக்குச் செண்பகவல்லிக்கு நீங்க எடுங்க சார்.”

அருளானந்தம் கையில் எடுத்த இட்லியைத் திரும்ப வைத்தார்.

இத்தனை வருடமும் அவர் கத்தி வைத்ததெல்லாம் கெட்டுப்போன கண்கள். ஏதாவது ஆனாலும், கெட்ட கண்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ள இடம் இருந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணை அவர் ஒருபோதும் தொட்டதில்லை.

“அந்தக் கண்ணுக்கு ஏதாவது ஆயிட்டுதுன்னா டாக்டர்?”

“அவங்களுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்” என்றார் பர்ஸானா. “போய்ப் பேசுங்க. எல்லாத்தையும் சொல்லிட்டுக் கையெழுத்து வாங்குங்க.”

அருளானந்தம் காலைச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

செண்பகவல்லி கயத்தாறுக்காரி. சித்தாள் வேலை. மொட்டை மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறித்ததில் இடது கண் வெந்துவிட்டது. இப்போது அந்தக் கண் அவித்த முட்டை போல வெளுத்து, மேலே சிவப்பு நரம்பு ஓடிக் கிடந்தது. வெளிச்சம் உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும். கூட வந்த புருஷன் சுடலைமணி சாப்பாடு வாங்கப் போயிருந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அருளானந்தம் நின்றபடியே சொன்னார். நல்ல கண்ணில் கத்தி வைக்க வேண்டும் என்று சொன்னார். கிருமி தொற்றலாம். தொற்றினால் பார்வை போகலாம். எடுத்த இடம் ஆறாமல் தழும்பாகலாம். அந்தத் தழும்பு கருவிழி மேல் ஏறலாம். இவ்வளவும் செய்த பிறகு செல்கள் வளராமலே போகலாம். வளர்ந்து பதித்தாலும் ஒட்டாமல் உதிரலாம்.

கேட்கக் கேட்க அவள் கை தானாக எழுந்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டது.

“வேண்டாம் சார்” என்றாள். “ஒத்தக் கண்ணு இருக்குல்லா. அது போதும். எங்களை வீட்டுக்கு அனுப்பிருங்க.”

“உங்க இஷ்டம்மா. யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க.”

வெளியே வந்தபோது அவருக்கு உடம்பு லேசாகியிருந்தது. கேன்டீனுக்குப் போனார். இரண்டு தோசையும் ஒரு வடையும் சாப்பிட்டார். டீயை ஊதி ஊதி நிதானமாகக் குடித்தார்.

பர்ஸானா தன் அறையில் இருந்தார்.

“அவங்க வேண்டாம்னுட்டாங்க டாக்டர்.”

“சாப்பிட்டீங்களா சார்?”

“சாப்பிட்டேன்.”

“அவங்க?”

“கவனிக்கலை.”

“காலையில உங்ககிட்ட ஒரு பயம் இருந்ததே சார். அதை எங்க வச்சிட்டு வந்தீங்க?”

அருளானந்தத்துக்குக் கேள்வி புரியவில்லை. பர்ஸானா குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார். அருளானந்தம் வார்டுக்குத் திரும்பி நடந்தார்.

கட்டிலில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. சுடலைமணி சுவரோரம் குத்துக்காலிட்டு, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். செண்பகவல்லி வராந்தாவில் இருந்தாள். வலது கண்ணை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். தண்ணீர்க் குழாய் முழங்காலில் இடித்தது. நின்றாள். குழாயை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். மறுபடி நடந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

திரும்பி ஓடாத குறையாகப் பர்ஸானாவிடம் வந்தார்.

“நான் பொய் ஒண்ணும் சொல்லலையே டாக்டர்!”

“இல்லை சார்.”

“எல்லாம் உண்மை. ஒண்ணு விடாம சொன்னேன்.”

“ஆமா.”

“அப்புறம் என்ன தப்பு?”

பர்ஸானா எழுந்தார். “வாங்க” என்று செல் வளர்க்கும் அறைக்குக் கூட்டிப்போனார். இருவரும் கை கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டார்கள். பர்ஸானா இன்குபேட்டரைத் திறந்து இரண்டு தட்டுகளை எடுத்தார். முதல் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து விலகிக்கொண்டார்.

அருளானந்தம் குனிந்து பார்த்தார். சவ்வின் மேல் செல்கள் ஒன்றோடொன்று தோள் உரசி, இடைவெளி இல்லாமல் பரவியிருந்தன.

“அடுத்தது.”

இரண்டாவது தட்டில் சவ்வு இல்லை. அடி வழுவழுவென்று இருந்தது. செல்கள் எதிலும் ஒட்டாமல் மிதந்தன. சுருங்கி, உடைந்து, கறுத்துப்போயிருந்தன.

“கிருமியா?”

“இல்லை. ஒரே கண்ணுல இருந்து எடுத்த செல்தான் ரெண்டும். ஒரே நாள்ல வச்சேன். அதே தீனி, அதே சூடு. இதுலயும் ஒண்ணும் குறைக்கலை சார். எல்லாம் குடுத்தேன்.”

“பின்னே ஏன் செத்துச்சு?”

பர்ஸானா தட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“பிடிச்சுக்க ஒண்ணும் இல்லை.”

அருளானந்தம் அந்தத் தட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வார்டுக்குப் போனார்.

இந்தத் தடவை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செண்பகவல்லி அவரைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்து வலது பக்கத்தை மறைத்துக்கொண்டாள்.

“கையெழுத்துக்கு வரலைம்மா. காலையில ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அதைச் சொல்ல வந்தேன்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். சுடலைமணி எழுந்து பக்கத்தில் வந்து நின்றான்.

“இங்க இது வரைக்கும் எடுத்த நல்ல கண்ணுல ஒண்ணுகூடப் பார்வை போகலை. வெந்த கண்ணு சிலருக்குத் தெளிஞ்சிருக்கு, சிலருக்குத் தெளியலை. காலையில சொன்ன ஆபத்தெல்லாம் உள்ளதுதான். ஆனா நல்ல கண்ணைக் குடுத்த யாரும் அதை இழந்துட்டுப் போகலை.”

“இத ஏன் சார் காலையிலேயே சொல்லல?”

அவர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“அதெல்லாம் டாக்டரம்மா எடுத்தது. நாளைக்கு எடுக்கப்போறது நான். எனக்கு இதுதான் முதல் தடவை. பயம்மா. நீங்க வேண்டாம்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு.”

சுடலைமணியின் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். செண்பகவல்லி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“டாக்டரம்மாவே எடுக்கலாம்” என்றார் அருளானந்தம். “நீங்க சொன்னாப் போதும். எதுவுமே வேண்டாம்னாலும் சரிதான்.”

அவர் எழுந்து போகவில்லை. சோற்றுப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் அதைப் பிரித்து, பிசைந்து, இரண்டு வாய் சாப்பிட்டாள்.

சாயங்காலம் சுடலைமணியை அனுப்பி அவரைக் கூப்பிட்டாள்.

“நீங்களே எடுங்க சார். டாக்டரம்மா பக்கத்துல நிக்கட்டும். நடுவுல ஒங்களுக்குப் பயம் வந்துட்டுன்னா கத்திய அம்மாட்ட குடுத்துரணும். வீம்பு புடிக்கக் கூடாது.”

“குடுத்துடுறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மறுநாள் கண்ணை மரக்கவைத்து, இமைகளை விரித்து நிறுத்தினார்கள். மருந்து கண்ணைத்தான் மரக்கச் செய்திருந்தது. செண்பகவல்லி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண் பளிங்காக, மாசு மறுவின்றி, அவரையே பார்த்தது. இவ்வளவு நல்ல கண்ணை இவ்வளவு பக்கத்தில் கத்தியோடு அவர் பார்த்ததில்லை.

கத்தி விளிம்பைத் தொடுவதற்குள் அவருக்கு முதுகு நனைந்துவிட்டது. விரல் நுனியில் ஒரு நடுக்கம் ஓடியது. நிறுத்தினார்.

பக்கத்தில் பர்ஸானாவின் உள்ளங்கை சத்தமில்லாமல் விரிந்தது. விரிந்தபடியே இருந்தது.

“சார், இருக்கீங்களா?” என்றாள் செண்பகவல்லி, முகத்தை மூடிய துணிக்கு அடியிலிருந்து.

“இருக்கேம்மா.”

மூச்சை விட்டார். நடுக்கம் நின்றது. சீவினார். எள்ளளவுதான். பர்ஸானா அதைக் கிண்ணியில் வாங்கிக்கொண்டு, குனிந்து கண்ணை ஒரு தடவை பார்த்தார்.

ஆறுவதற்காக அந்தக் கண்ணைக் கட்டினார்கள். அதோடு அவளுக்கு உலகம் முழுக்க இருட்டு. மறுநாள் வரைக்கும் சுடலைமணி ஊட்டிவிட்டான், கைபிடித்துக் கூட்டிப்போனான். அருளானந்தம் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் அவள் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள். “நான்தாம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார்.

காலையில் கட்டுப் பிரிக்க அவர்தான் போனார். பஞ்சை மெல்ல எடுத்தார். செண்பகவல்லி இமையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். புருஷன் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

திறந்தாள். கண் கூசிற்று. மூடினாள். மறுபடி திறந்தாள்.

“சார்” என்றாள்.

“சொல்லும்மா.”

“சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க.”

சுடலைமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அருளானந்தம் பித்தானைச் சரிசெய்யக் கை வைத்தார். அப்படியே விட்டுவிட்டார்.

செல்கள் வளர்ந்தன. முதல் சில நாள் அசைவே தெரியவில்லை. அருளானந்தம் காலையும் மாலையும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து கிடந்தார். பிறகு எள்ளின் ஓரத்திலிருந்து கிளம்பிப் படர்ந்தன. இரண்டாவது வாரக் கடைசியில் சவ்வு நிறைந்துவிட்டது.

செண்பகவல்லியின் இடது கண் பிற்பாடு மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் விரல், அப்புறம் முகம், அப்புறம் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் என்று வந்தது. முழுக்கத் தெளியவில்லை, ஓரத்தில் ஒரு மங்கல் நின்றுவிட்டது. சித்தாள் வேலைக்கே திரும்பிப் போனாள். அதெல்லாம் பல மாதம் கழித்து.

படலம் பதித்த அன்று யாருக்கும் அது தெரியாது. அன்று அறுவை செய்தவர் பர்ஸானா. அருளானந்தம் உதவிக்கு நின்றார். வெந்த கண்ணின் மேல் படர்ந்திருந்த தழும்பை உரித்து எடுத்து, படலத்தைத் தண்ணீரில் இலை போல மிதக்கவிட்டு ஏந்தி, மடிப்பு விழாமல் விரித்தார் பர்ஸானா. அவர் கை ஒரே சீராக இருந்தது. கண்களிலும் சலனம் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அருளானந்தத்துக்கு ஆறுதலாக இருந்தது. இப்படி ஒரு நாள் நமக்கும் வரும் என்று நினைத்துக்கொண்டார்.

செண்பகவல்லியை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு இரண்டு பேரும் கை கழுவும் தொட்டிக்கு வந்தார்கள்.

பர்ஸானா கையுறையைக் கழற்றினார். விரல் நுனிகளில் கோத்திருந்த வியர்வை தொட்டிக்குள் சொட்டியது. அடுத்த கையுறையிலிருந்தும் சொட்டியது.

அருளானந்தம் அதையே பார்த்தார்.

“உங்களுக்குமா டாக்டர்?”

பர்ஸானா குழாயைத் திறந்தார்.

“அன்னைக்கு நான் பயந்ததுல நியாயம் இருந்தது. நல்ல கண்ணுல கை வச்சேன். இது ஏற்கெனவே பார்வை போன கண்ணுதானே? இதுல இழக்க என்ன இருக்கு?” என்றார் அருளானந்தம்.

பர்ஸானா விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார். குழாயை மூடினார்.

“கெட்ட கண்ணுதான் சார்” என்றார். “குடுத்தது நல்ல கண்ணு.”