தணிகாசலத்தின் துப்புச்சீட்டு

"ஒரு வருஷமாச்சும்மா. என் பெட்டியை ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலை."

தணிகாசலம் சொன்னார். சீடரான அவருக்கு வயது அறுபத்தொன்று. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் சங்கிலி பிடித்துவிட்டு ஓய்வு பெற்றவர்.

குருவுக்கு முப்பத்தெட்டு. பெயர் ஆரோக்கியசெல்வி. திண்டுக்கல்லில் தையல் கடை. எல்லோருக்கும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் வாத்தியாரம்மா என்று கூப்பிடுவார்கள்.

ஆட்டம் இதுதான். ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும். உள்ளே ஒரு ரப்பர் முத்திரை, ஒரு நோட்டு. துப்புச்சீட்டைப் படித்துத் தேடி வருகிறவர், பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் குத்துவார். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்த சுவடு தெரியாமல் போய்விடுவார்.

பரிசு கிடையாது. அதனால்தான் இத்தனை பேர் இதற்குப் பைத்தியமாக அலைகிறார்கள்.

"துப்பு என்ன எழுதுனீங்க சார்?" என்று கேட்டார் குரு.

"குதிரைக் கரட்டு அடிவாரம். ரெட்டைப் பாறையின் பின்மூலையிலிருந்து வடகிழக்கே நாற்பத்தேழு டிகிரி. நூற்றுப் பன்னிரண்டு தப்படி. இதைவிடத் துல்லியமா யாராலும் எழுத முடியாது."

குரு எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய தலை தணிகாசலத்தின் சட்டைப் பை உயரத்துக்குத்தான் வந்தது.

"யாரோட தப்படி சார்?"

இது சீடருக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"நீங்க போய்ப் பாக்குறதுண்டா?"

"எல்லா ஞாயிறும் போவேன். காய்ச்சல் வந்த வாரம்கூடப் போனேன். பாறையிலிருந்து காம்பஸைப் பார்த்து, எண்ணி நடந்து, நோட்டைத் திறந்து பார்ப்பேன். வெள்ளையா இருக்கும். மூடி வச்சிட்டு வந்துடுவேன்."

மனிதர் உண்மையிலேயே நொந்துபோயிருந்தார்.

"எல்லாரையும் அங்க கூப்பிடுவோம். ஒரு நாள் கூடிச் சாப்பிட்டு, தேடி, முத்திரை மாத்திக்குவோம். ஏற்பாடு உங்களுது" என்றார் குரு.

பத்தாம் நாள் சீடர் நான்கு பக்கத் திட்டத்தோடு வந்தார். எட்டு மணிக்கு வருகை. எட்டு பத்துக்கு வரவேற்புரை. எட்டு இருபதுக்குத் தேடல். காலணி பற்றிய குறிப்பு, மழை வந்தால் மாற்றுத் திட்டம், அதற்கும் ஒரு மாற்று.

குரு கடைசி வரி வரை படித்தார்.

"சாப்பாடு?"

தணிகாசலம் திட்டத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சாப்பாட்டை மறந்திருந்தார்.

"புளியோதரை நான் கொண்டாரேன். துப்பும் நானே எழுதுறேன். நீங்க அன்னைக்கு மேல ஏறக்கூடாது. டீ போடுங்க."

"துப்பு என்னன்னு..."

"டீ போடுங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வந்தவர் தணிகாசலம் மட்டும்தான்.

ஒன்பதுக்குப் பழனியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஒன்பதரைக்கு வேன் நிறைய ஆட்கள். வந்தவர்கள் வரவேற்புரைக்குக் காத்திருக்கவில்லை. நேரே புளியோதரைத் தூக்கைத் திறந்தார்கள்.

பிறகு நோட்டுகளை விரித்துப் போட்டு முத்திரை குத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் முத்திரையில் முருங்கைக்காய் செதுக்கி வைத்திருந்தார். பாங்கில் வேலை பார்க்கும் ஃபாத்திமுத்து என்பவர் பரோட்டாவை அடுக்கடுக்காகச் செதுக்கியிருந்தார். அதைப் பார்த்த எல்லோருக்கும் மறுபடி பசித்தது.

சீடர் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டப்படி இந்நேரம் நன்றியுரை.

பத்தரைக்குத்தான் குரு ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்பினார். பத்தொன்பது பேர் சிரித்துக்கொண்டே பாறைக்குப் பின்னால் மறைந்தார்கள்.

தணிகாசலம் டீ போட்டார். சர்க்கரையை இரண்டு தடவை போட்டார்.

"இன்னைக்கும் கிடைக்கலைன்னா நான் இந்த ஆட்டத்தையே விட்டுடுவேன்மா."

குரு ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

பழம் தீர்வதற்குள் மேலேயிருந்து கூச்சல் கேட்டது. விசில். கைத்தட்டல்.

சீடர் எழுந்துவிட்டார். கையில் டீ வடிகட்டி இருந்தது அவருக்கே தெரியாது.

அவர்கள் நோட்டை மட்டும் கீழே கொண்டுவந்தார்கள். ஃபாத்திமுத்து பிரித்துக் காட்டினார். முருங்கைக்காய், பரோட்டா, நண்டு, சைக்கிள். பத்தொன்பது முத்திரைகள், இன்னும் மை காயாமல்.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மறுபடி கழற்ற வேண்டியிருந்தது. இத்தனை சந்தோஷமாக அவர் பென்ஷன் வாங்கிய நாளில்கூட இல்லை.

"பத்து நிமிஷம்கூட ஆகலை சார். இவ்வளவு சுலபமான துப்பு எங்கேயும் பார்த்ததில்லை" என்றார் ஃபாத்திமுத்து.

சுலபம் என்ற சொல் சீடரைச் சுட்டது. அவர் சீட்டை வாங்கிப் படித்தார்.

*ரெட்டைப் பாறைக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. அது முடிகிற இடத்தில் பெட்டி.*

"அழுகுணி ஆட்டம்!" என்று கத்தினார். "அங்க பாதையே கிடையாது! இந்தக் கரட்டை அளந்தவன் நான். வரைபடத்திலேயே இல்லை!"

குரு எழுந்தார். அவர் முழங்கையைப் பிடித்துப் பாறைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

காட்டுப்புல் இடுப்பளவு நின்றது. அதன் நடுவே ஓர் ஆள் அகலத்துக்குப் புல் படுத்து, மண் தெரிந்தது. நன்றாகத் தேய்ந்த பாதை.

காம்பஸ் கையில் இல்லாமல் சீடர் அந்த இடத்தில் நிற்பது அதுதான் முதல் தடவை.

"ஆடு போட்டதா இருக்கும்" என்றார்.

குரு பாதையின் நீளத்துக்குக் கையை நீட்டிக் காட்டினார்.

தணிகாசலம் ஒரு கண்ணை மூடிப் பாதையின் போக்கைப் பார்த்தார். அது எதற்கும் வளையவில்லை. காரைப் புதரின் நடுவிலேயே புகுந்து போனது.

"இல்லை. ஆடுன்னா வளைஞ்சு வளைஞ்சு போயிருக்கும். இது கோடு கிழிச்ச மாதிரி போகுது. வடகிழக்கே, நாற்பத்து..."

நிறுத்திவிட்டார்.

குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"போன வருஷம் வரைக்கும் இல்லதான் சார்" என்றார் குரு.