தூணுக்குப் பின்னால்

இந்தக் கதை எனக்கு நேரடியாகக் கிடைத்ததல்ல. தங்கப்பழம் தன் மைத்துனரிடம் சொன்னார். மைத்துனர் என்னிடம் சொன்னார். குரு யாரிடமும் சொல்லவில்லை. அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

"எல்லாரும் சொல்லுததைக் கேட்டுக்கிடுதீங்க. அது உங்ககிட்டயே இருக்கும்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார் தங்கப்பழம்.

"நிச்சயம் இல்லேன்னா என்ன செய்வீங்க, அண்ணாச்சி?" என்றார் குரு.

"கண்டுபிடிச்சிருவேன்."

"சரி" என்றார் குரு.

மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த சின்ன ஆசிரமம் அது. குரு ஒரு பெண். வயது முப்பத்தாறு. தங்கப்பழத்துக்கு ஐம்பத்திரண்டு.

செவ்வாய்தோறும் நான்கு மணிக்கு வர வேண்டும். ஒரு மணி நேரம் மனதில் வருவதையெல்லாம் சொல்ல வேண்டும். திருநீறு கிடையாது. குறி கிடையாது. அறிவுரையும் கிடையாது.

அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஒன்றுமே தராதவர் எதையோ எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தார். முதல் ஐந்து வாரமும் வாழைத்தார் விலையைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து வந்தார்.

வராமல் இருக்கவும் வழியில்லை.

வெளியூர் போவதாக வீட்டில் சொல்வார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வருவார். எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தின் பின்னால் நின்று, தான் இல்லாதபோது மனைவி ஜெயக்கொடி எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

கடைசியாக அப்படி நின்ற அன்று, ஜெயக்கொடி ஒரு டம்ளர் டீயோடு தெருவைக் கடந்து வந்தாள். மரத்தடியில் வைத்தாள்.

"இருபத்தாறு வருஷமா பரீட்சை எழுதிட்டேன். இனி என்னால ஆகாது" என்றாள்.

அன்றே பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணன், அதாவது எனக்கு இதைச் சொன்ன மைத்துனர், வந்து சொன்னார்: "தை வரைக்கும் அந்த ஆசிரமத்து அம்மாகிட்ட போங்க மாப்பிள்ளை. அதுக்கப்புறமும் நீங்க இப்படித்தான்னா, அவ வரமாட்டா. நானும் வரச்சொல்ல மாட்டேன்."

ஆறாவது செவ்வாய்க்கிழமை தங்கப்பழம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனார்.

தன்னைப் பெற்றவளைப் பற்றிய பொய். ஊரில் யாரைக் கேட்டாலும் அவளை நல்ல மனுஷி என்பார்கள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே கசிந்தால், மறுநாளே தன் காதுக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

"எனக்கு ஆறு வயசு. பஸ் ஸ்டாண்டு. இங்கேயே நில்லு, வந்திருதேன்னு அம்மா போனா. வரல. நான் அழுதேன். அவ ஒரு தூணுக்குப் பின்னால நின்னு என்னைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. அப்புறம் வந்து சிரிச்சா. 'என்னைத் தேடுதியான்னு பாத்தேன்'னா."

குரு கேட்டுக்கொண்டார்.

அதன்பின் மூன்று வாரம் தங்கப்பழம் ஊரெங்கும் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார். டீக்கடையில் உட்கார்ந்தார். ரேஷன் வரிசையில் நின்றார். முடிவெட்டத் தேவையில்லாமலே சலூனுக்குப் போனார். ஆசிரமத்தில் சமைக்கிற பெண்ணைக்கூட மடக்கினார்.

"அம்மா உங்ககிட்ட என்ன பேசுவாங்க?"

"சாம்பார்ல உப்பு கூடிப்போச்சும்பாங்க."

"வேற?"

"மறுநாள் ரசத்துல கூடிப்போச்சும்பாங்க."

ஒரு வார்த்தையும் கசியவில்லை.

அடுத்த செவ்வாய் நான்கு மணி.

"அம்மா, அன்னைக்குச் சொன்னது பொய்."

"எது?"

"பஸ் ஸ்டாண்டு கதை. உங்களைச் சோதிக்கத்தான் சொன்னேன்."

"தேறிட்டேனா?"

"தேறிட்டீங்க."

"அதுக்கு ஏன் முகம் இப்படி வாடியிருக்கு?"

தங்கப்பழம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அது பொய்னு உங்களுக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கும். அதான் வெளிய சொல்லல" என்றார்.

குரு சிரித்தார். "என்னை ஃபெயிலாக்காம விடமாட்டீங்க போல."

தங்கப்பழத்துக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"எத்தனையோ பொய் சொல்லலாம் அண்ணாச்சி. இதை எங்கிருந்து எடுத்தீங்க?"

"எங்கிருந்தும் இல்ல. சும்மா வாயில வந்தது."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அந்தப் பையன் என்ன சட்டை போட்டிருந்தான்?"

"பச்சைக் கட்டம் போட்டது. மேல் பொத்தான் கிடையாது."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. அவர் கை கழுத்துக்குப் போயிருந்தது. அங்கே பொத்தான் இருந்தது.

"அது நடந்ததா நடக்கலையான்னு எனக்குத் தெரியாது" என்றார் குரு. "உங்க அம்மா எங்க நின்னாங்க?"

"தூணுக்குப் பின்னால."

"எதுக்கு?"

"தேடுதேனான்னு பாக்க."

"இப்போ அந்தத் தூணுக்குப் பின்னால நிக்கிறது யாரு, அண்ணாச்சி?"

தங்கப்பழம் வாயைத் திறந்தார். வேப்பமரம் கண்ணில் வந்தது. டம்ளர் வந்தது. அன்று அந்த டீயை அவர் குடிக்கவில்லை. எறும்பு மொய்க்கும்வரை மரத்துக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

எழுந்தார்.

"இன்னும் நேரம் இருக்கே" என்றார் குரு.

"பஸ் போயிரும்."

அண்ணன் வீட்டுத் தெருவில் மறைந்து நிற்க நிறைய இடம் உண்டு. ஒரு லாரி நின்றிருந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. தங்கப்பழம் இரண்டையும் கடந்து வந்து நடுத்தெருவில் நின்றார்.

"ஜெயக்கொடி, நான் வந்திருக்கேன்" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

அவள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து நெடுநேரம் பார்த்தாளாம். அவர் நகரவில்லையாம்.

மைத்துனர் சொன்னது இவ்வளவுதான்.

சென்ற மாதம் அந்தப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். திறப்பு விழாக் கல்லில் உள்ள ஆண்டில் தங்கப்பழத்துக்கு மூன்று வயது. தூண்கள் சதுரமானவை. ஒன்றின் பின்னால் நின்று பார்த்தேன். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் தெரிந்தார்கள்.

கூட வந்த என் தங்கை என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.