பதில் வரிசை

ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். அவருக்கு ஒரு சீடர் இருந்தார். டீச்சர் பெயர் ஜொகரா, வயது முப்பத்திரண்டு. சீடருக்கு நாற்பத்தெட்டு.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனாலும் அப்படித்தான். சீடர் பெயர் தவசிலிங்கம். பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, உத்தரவு இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர். உத்தரவு வந்தபோது மீசை பாதி வெளுத்திருந்தது. பள்ளியில் சேர்ந்த அன்றைக்கு ஜொகரா டீச்சர் பாடம் நடத்துவதை வகுப்பு வாசலில் நின்று கேட்டார். மணி அடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், இனி நான் உங்க சீடன்" என்றார்.

"சீடன்னா டீ வாங்கிட்டு வரணும் சார்."

டீச்சர் விளையாட்டுக்குச் சொன்னார். தவசிலிங்கம் நிஜமாகவே போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து சாயங்கால டீ அவர் பொறுப்பு. டீயோடு ஒரு சந்தேகமும் கொண்டுவருவார். டீச்சர் டீயைக் குடிப்பார். சந்தேகத்துக்கு உடனே பதில் சொல்ல மாட்டார்.

அந்த வருஷம் மேலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிகிறதா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் தாள் போய்ச் சேர வேண்டும்.

"நான் பாத்துக்கிடுறேன் டீச்சர்" என்று தவசிலிங்கம் முன்னால் வந்தார். புது மாப்பிள்ளை மாமனார் வீட்டுக் கிணற்றைத் தூர்வார இறங்குகிற வேகம் அவருக்கு. அந்த வேகத்தில் சொந்தமாக ஒரு யோசனையும் சொன்னார். பெருக்கல் தெரியாத பிள்ளைகள், இனிமேல் கணக்குப் பாடவேளையில் ஆறாம் வகுப்பில் போய் உட்காரட்டும். அடியிலிருந்து படித்து ஏறி வரட்டும்.

தலைமை ஆசிரியர், "நல்லாத்தான் இருக்கு. உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசை. ஒரு பக்கம் தவசிலிங்கம், எதிரே பிள்ளை. வேறு ஆள் கிடையாது. பாதி வகுப்புக்கு மேல் நன்றாகவே சொன்னார்கள். பிறகு முனீஸ்வரி வந்தாள். வாய்க்காரி என்று பேரெடுத்தவள். கூட்டலைப் பட்டென்று சொன்னாள். கழித்தலை விரல்விட்டுச் சொன்னாள்.

"எட்டேழு?" என்றார் தவசிலிங்கம்.

"ஒம்பதேழு" என்றாள்.

"நான் எட்டேழு கேட்டேன்மா."

"ஆமா சார். ஒம்பதேழு."

"என்ன, கிண்டலா?"

"இல்ல சார்."

அவள் முகத்தில் கிண்டல் இல்லை. எதற்கோ காத்திருப்பவள் மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவசிலிங்கம் முட்டை போட்டார்.

அடுத்து செல்வபாண்டி.

"எட்டேழு?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டு…" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் எழுபதில் போய் நின்றான்.

"இதுல எட்டேழு எதுடா?"

"எல்லாமே ஏழாம் வாய்ப்பாடுதான் சார்."

அவனுக்கும் முட்டை. இந்த இரண்டு தினுசிலும் இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள். மதியம் வகுப்பில் அவர்கள் பெயரை வாசித்து, திங்கட்கிழமையிலிருந்து ஆறாம் வகுப்பு என்று சொன்னார் தவசிலிங்கம். எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். முனீஸ்வரி மட்டும் எழுந்தாள்.

"சார், ஆறாப்புல என் தம்பி படிக்கான்."

"படிப்புல அக்கா தம்பி உண்டாம்மா?"

"வீட்டுல உண்டு சார். அவன் பாக்க நான் அங்க போய் உக்கார மாட்டேன். எங்க அத்தை தீப்பெட்டி ஆபீசுக்கு வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. திங்கக்கிழமை அங்க போயிருவேன்."

சத்தம் போடாமல் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் டீ ஆறிக்கொண்டிருந்தது. தவசிலிங்கம் தம்ளரைத் தொடவில்லை.

"டீச்சர், தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுறது தப்பா?"

"தப்பில்லையே சார்."

"பிறகு ஏன் எனக்கு இந்த டீயைத் தொட மனசு வரல? அந்தப் பிள்ளை சொன்னா சொன்னதைச் செஞ்சிரும் போலிருக்கு."

"அவகிட்ட என்ன கேட்டீங்க?"

"எட்டேழு."

"என்ன சொன்னா?"

"ஒம்பதேழுங்கா."

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். "செல்வபாண்டி?"

"அவன் ஏழுலேருந்து எழுபது வரைக்கும் ஓட்டமா ஓடிட்டு நிக்கான்."

"தப்பாச் சொன்ன பிள்ளைங்க எல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துலேருந்து வந்தவங்க?"

"அதைக் கேக்கலையே டீச்சர்."

டீச்சர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிட்டார். எல்லாரும் கண்மாய்க்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். எல்லாரும் அங்கே இருக்கிற சின்னப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர்கள்.

"உங்க பழைய பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு எப்படிச் சொல்வீங்களோ அப்படியே இப்பச் சொல்லுங்க பாப்போம்."

பிள்ளைகளுக்கு வெட்கம். ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு யாரும் சொல்லாமலே இரண்டு வரிசையாகப் பிரிந்து தரையில் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் பெண்கள், எதிர்ப் பக்கம் பையன்கள்.

"ஓரேழு" என்றது பெண்கள் வரிசை.

"ஏழு" என்றது பையன்கள் வரிசை.

"ஈரேழு."

"பதினாலு."

"மூவேழு."

"இருபத்தொண்ணு."

கயிறு திரிக்கிற மாதிரி அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் வாய்ப்பாடு போய்ப் போய் வந்தது. தவசிலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழேழு வந்தபோது பையன்கள் வரிசை ஒரு படி தாவி, "அம்பத்தாறு" என்றது.

முனீஸ்வரி கையை ஓங்கினாள். "ஏலே, நாப்பத்தொம்போதை முழுங்கிட்டீங்கடா."

"நீ கேக்குறதை மட்டும் கேளு" என்றான் செல்வபாண்டி. "பதில் எங்க வேலை."

"ஏன் ரெண்டு வரிசை?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒரே சார்தான் டீச்சர்" என்றாள் முனீஸ்வரி. "அஞ்சு கிளாசுக்கும் அவருதான். அவரு அந்தப் பக்கம் பாடம் நடத்தும்போது எங்க சத்தம் நிக்கக் கூடாது. நின்னா கம்போட வருவாரு. நாங்க கேட்டுக்கிட்டே இருப்போம், இவங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"வரிசை மாறி உக்கார மாட்டீங்களா?"

"எதுக்கு டீச்சர் மாறணும்?"

"இங்க வந்த பிறகு பரீட்சையில எப்படித் தேறினீங்க?" என்று கேட்டார் தவசிலிங்கம்.

"அவ பின்னாடித் திரும்பி ஓரேழுலேருந்து வரிசையாக் கேப்பா, நான் சொல்லுவேன் சார்" என்றான் செல்வபாண்டி.

தவசிலிங்கத்துக்கு இப்போதுதான் புரிந்தது. காலையில் அவர் "எட்டேழு" என்று பெண்கள் வரிசையின் சொல்லைச் சொல்லியிருக்கிறார். அவளும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆள் பதில் சொல்லுவார் என்று காத்திருந்திருக்கிறாள். செல்வபாண்டிக்குப் பதில்கள் வரிசையாகத் தெரியும், எந்தக் கேள்விக்கு எது என்று தெரியாது.

அவர் பையிலிருந்து தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"என்ன செய்றீங்க சார்?"

"முட்டையை அடிச்சிருறேன் டீச்சர்."

"வேண்டாம். காலையில தனியாக் கேட்டீங்க, அவ சொல்லல. அது நடந்ததுதானே?"

"பாவமா இருக்கு டீச்சர்."

"பாவப்பட்டுப் போட்ட மார்க்கை அவ கண்டுபிடிச்சிருவா. நீங்க பேனாவை மூடுறதுக்குள்ள கண்டுபிடிச்சிருவா."

டீச்சர் பையன்கள் பக்கம் திரும்பினார். "நீங்க வீட்டுக்குப் போங்கடா. நாளைக்கு வாங்க. நாளைக்கு நீங்க கேள்வி கேக்குற வரிசை."

"எங்களுக்குக் கேக்கத் தெரியாதே டீச்சர்."

"அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெண்கள் வரிசை மட்டும் இருந்தது. எதிரே வெறும் தரை.

"இப்ப நான் என்ன செய்ய டீச்சர்?"

"அந்தப் பக்கம் காலியா இருக்கு சார்."

தவசிலிங்கம் செருப்பைக் கழற்றினார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முழங்கால் சடக்கென்று சத்தம் போட்டது. பெண்கள் வரிசை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"முனீஸ்வரி மட்டும் கேளு" என்றார் டீச்சர். "மத்தவங்க வேடிக்கை பாருங்க. உங்க முறை வரும்."

தவசிலிங்கம் டீச்சரைக் கிட்டே வரச் சொல்லி ரகசியமாகக் கேட்டார். "நான் பதில் சொல்லிக்கிட்டே இருந்தா அவ எப்பக் கத்துக்கிடுவா?"

"மெதுவாச் சொல்லுங்க."

"எவ்வளவு மெதுவா?"

"அவளுக்குப் பொறுமை போற அளவுக்கு."

சொல்லிவிட்டு டீச்சர் தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"ஓரேழு" என்றாள் முனீஸ்வரி.

"ஏழு" என்றார் தவசிலிங்கம்.

"ஈரேழு."

"ம்… பதினாலு."

"மூவேழு."

தவசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாட்டிக்கொண்டு, "இருபத்தொண்ணு" என்றார்.

"ஜவுளிக் கடையில இப்படித்தான் கிழிச்சீங்களா சார்?" என்றாள் முனீஸ்வரி. "ஒரு சட்டைத் துணி எடுக்க வந்தவங்க தீபாவளி கழிஞ்சுதான் வீட்டுக்குப் போயிருப்பாங்க."

வரிசை முழுக்கச் சிரிப்பு. தவசிலிங்கமும் சிரித்தார். சிரிப்பு அடங்கும் வரை பொறுத்து, "அடுத்ததைக் கேளும்மா" என்றார்.

"நாலேழு."

அவர் கூரையைப் பார்த்தார். "இருபத்து…"

"எட்டு சார்" என்றாள். "ஐயேழு."

அவர் இருமினார். தண்ணீர் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். முனீஸ்வரி தொடையில் தட்டினாள். அவள் கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

"முப்பத்தஞ்சு. ஆறேழு. அய்யோ, நாப்பத்திரெண்டு சார். ஏழேழு. நாப்பத்தொம்போது. எட்டேழு."

அங்கே நின்றாள்.

தவசிலிங்கத்தின் வாய் தானாகத் திறந்தது. ஐம்பத்தாறு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஜவுளிக் கடையில் நின்ற ஆள் அவர். எதிரில் இருக்கிறவர்கள் தடுமாறினால் எடுத்துக் கொடுத்துத்தான் பழக்கம். தூண் பக்கம் பார்த்தார். டீச்சர் வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவசிலிங்கம் வாயை மூடிக்கொண்டார். மூடியிருப்பது பேசுவதை விடச் சிரமமாக இருந்தது.

முனீஸ்வரி அவர் வாயைப் பார்த்தாள். அது திறக்காது என்று தெரிந்ததும் பார்வையைத் தரைக்கு இறக்கினாள். காதில் கையை வைத்துக்கொண்டாள். எதிர் வரிசையில் இல்லாத பையன்கள் சத்தத்தை எங்கிருந்தோ பொறுக்கி எடுப்பவள் போல இருந்தது.

"அம்பத்தாறு" என்றாள், மெதுவாக.

பிறகு மெதுவாக இல்லை. "ஒம்பதேழு அறுபத்திமூணு. பத்தேழு எழுவது."

முடித்த பிறகுதான் இரண்டு வரிசைக்கும் தானே பேசிவிட்டது அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூவேழு?" என்று கேட்டார் தவசிலிங்கம்.

"இருபத்தொண்ணு."

"ஒம்பதேழு?"

கொஞ்சம் யோசித்தாள். "அறுபத்திமூணு."

"எட்டேழு?"

"அம்பத்தாறு சார். அதான் இப்பச் சொன்னேன்ல."

தவசிலிங்கம் தாளை எடுத்தார். முட்டையை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் சாயங்காலம் என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் அவள் சொன்னது ஒவ்வொன்றையும் எழுதினார். எழுதி முடிக்கும் வரை முனீஸ்வரி பேசாமல் இருந்தாள். அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை.

"சார்."

"சொல்லும்மா."

"திங்கக்கிழமை நான் ஆறாப்புக்குப் போகணுமா?"

தவசிலிங்கம் பழக்கதோஷத்தில் தூண் பக்கம் திரும்பினார்.

"என்னை ஏன் பாக்குறீங்க சார்?" என்றார் டீச்சர். "அவ கேட்டுட்டா. பதில் வரிசையில நீங்கதானே உக்காந்திருக்கீங்க?"