நரி அனுப்பிய வீடியோ

குளக்கரை மருதமரத்தடியில் முள்ளம்பன்றி மிஸ் பள்ளிக்கூடம் நடத்தினாள். குட்டிகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட். பாடத்துக்காகக் கொடுத்தது. பாடம் தவிர மற்றதெல்லாம் அதில் ஓடியது!

நாணலுக்குள் ஒரு நரி. மொச்சை என்கிற கொழுகொழு முயல்குட்டி மேல் அதற்கு வெகுநாளாகக் கண். வகுப்பு நேரம் பார்த்து, குரங்கு குளிக்கிற வீடியோ, தவளை ஆடுகிற வீடியோ என்று அனுப்பிக்கொண்டே இருந்தது.

"அடடா, குனிஞ்ச தலை நிமிராத பிள்ளைங்க!" என்று சப்புக்கொட்டியபடி நெருங்கியது.

அன்றைய பாடம், மருதமரத்தடி வளையின் பின்வாசல்.

"மொச்சை, ஆபத்து வந்தா எந்தப் பக்கம் ஓடுவே?"

"ஹி ஹி! தவளை விழுந்துடுச்சு மிஸ்!"

மிஸ்ஸுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. "எல்லாத்தையும் குளத்துல வீசறேன் பார்!"

"வீசிட்டா வளையோட மேப்பை எதுல மிஸ் பார்க்கிறது?" என்றது வகுப்பு லீடர் அணில். "எடுக்கிறவங்க எதுக்குன்னு சத்தமா சொல்லணும். முடிஞ்சதும் கவிழ்த்து வைக்கணும். அவ்வளவுதான்!"

"சும்மா பார்க்கணும்னா?" என்றது மொச்சை.

"சும்மா யாராவது அடுப்பைப் பத்தவைப்பாங்களா?" என்றாள் மிஸ்.

"மேப் பார்க்க!" என்று கூவிவிட்டு அணில் டேப்லெட்டை எடுத்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பின்வாசல் புளியமர வேரடியில் இருந்தது. அணில் டக்கென்று டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தது.

டிங்! மொச்சையின் டேப்லெட்தான். கை தானாக நீண்டது.

"எதுக்கு?" என்று வகுப்பே கத்தியது.

"அது வந்து..." ஒரு பொய்யாவது கிடைக்குமா என்று மொச்சை தலையைத் தூக்கி அங்கேயும் இங்கேயும் பார்த்தது. பொய் கிடைக்கவில்லை. நாணலுக்கு மேலே இரண்டு காதுகள் தெரிந்தன!

"மிஸ்! நரி!"

"உள்ளே ஓடுங்க! புளியமரம்!"

குட்டிகள் வளைக்குள் பாய்ந்தன. நரியும் பாய்ந்தது. வாசலில் முதுகைக் காட்டி நின்றாள் மிஸ். நரியின் மூக்கில் நறுக்கென்று முள் ஏறியது. ஊளையிட்டபடி ஓடியே போனது!

மிஸ் மூச்சிரைக்கப் புளியமரத்துக்கு ஓடினாள். அணில் வந்தது. மற்றதுகளும் வந்தன. மொச்சையை மட்டும் காணோம்! கடைசியில், மூக்கெல்லாம் மண்ணாக அதுவும் எட்டிப் பார்த்தது.

"அப்பாடா!" என்று மிஸ் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"திட்ட மாட்டீங்களா மிஸ்?"

"நாளைக்குத் திட்டறேன். இப்போ மூச்சு விட விடு!"

எதற்கென்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் மட்டும் கருவியைக் கையில் எடு. இல்லாவிட்டால் அது உன்னை வேறு யாருக்காவது இரையாக்கிவிடும்.