தாத்தா காலத்துக் கறை

மில் முதலாளி வேலாயுதசாமியின் தாத்தா வாங்கிய காரை ஓட்டி ஓட்டி டிரைவர் சடையப்பனுக்கு வெறுத்தே போய்விட்டது. என்ஜினிலிருந்து டாஷ்போர்டு மீட்டருக்கு ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய் வெடிப்பு விட்டு, வண்டி கிளம்பினாலே அவன் மடியில் சூடாகச் சொட்டும்.

“குழாயை மாத்திடலாமுங்க” என்று கெஞ்சினால் முதலாளி எகிறுவார். “பழைய கார் போட்டிக்குப் போற வண்டிடா! எல்லாம் தாத்தா காலத்துல இருந்தபடியே இருக்கோணும். ஒரு ஆணி மாறினாலும் மார்க் போயிரும். ஆனா ஒரு சொட்டு ஒழுகக் கூடாது!”

போட்டி நாளன்று நடுவர்கள் முன்னால் ஊர்வலம் கிளம்புகிற நேரம். பட்டு வேட்டியோடு பின்சீட்டில் ஏறப்போன முதலாளிக்கு, சடையப்பன் பணிவாக முன்கதவைத் திறந்துவிட்டான்.

“போட்டிக்கு நீங்க அனுப்பின போட்டோவுல தாத்தாதானுங்க ஸ்டியரிங் புடிச்சிருக்காரு. டிரைவர் பின்னால உக்காந்திருக்கான். அதை மட்டும் மாத்தலாமுங்களா?”

நடுவர்கள் தலையாட்டினார்கள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

தெருமுனை தாண்டவில்லை, “ஐயோ!” என்று அலறி பிரேக்கை மிதித்தார். பட்டு வேட்டியெல்லாம் கறுப்பு ஆயில்.

“மாத்தித் தொலைடா அந்தக் குழாயை!” என்று கத்திக்கொண்டே துண்டை எடுத்தார்.

“துடைச்சுப்போடாதீங்க முதலாளி,” என்றான் பின்சீட்டில் சாய்ந்திருந்த சடையப்பன். “தாத்தா காலத்துக் கறைங்க. மார்க் போயிரும்.”