கரடி தூங்கியபோது பெய்த மழை

இரண்டு சிகரங்கள் கொம்புபோல் நிற்கும் இரட்டைக்கொம்பு என்ற பனிமலையின் அடிக்காட்டில் ஒரு கரடி இருந்தது. அதன் பெயர் பாறையன். ஐப்பசிக் கடைசியில் குகைக்குள் போய்ப் படுத்தால், பங்குனி வெயில் மூக்கில் சுடும்போதுதான் எழுந்திருக்கும். கரடிகள் எல்லாமே அப்படித்தான். ஆனால் பாறையனுக்கு அதில் ஒரு கூச்சம்.

வெளியே வந்து பார்த்தால், தான் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். யாருக்குக் குட்டி பிறந்தது, யார் செத்துப்போனார்கள், யார் யாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்ன ஏது என்று புரியாமலே பாறையனும் கூடச் சேர்ந்து சிரித்து வைக்கும்.

அந்த வருடம் குகையை விட்டு வந்ததும் எதிரே வந்தது வாலாண்டி என்ற நரி.

"அடடே, அண்ணாச்சி! பொழுது விடிஞ்சுதா?"

"யாருப்பா தூங்கினது? கண்ணை மூடிக்கிட்டு யோசனை பண்ணிக்கிட்டு இருந்தேன்."

"இத்தனை மாசமாவா! குறட்டை விட்டுக்கிட்டே யோசிக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்!" என்று நரி விழுந்து விழுந்து சிரித்தது.

பாறையனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. நல்லவேளையாக அந்த நேரம் மலையாடு கூர்ங்காலி அங்கே வந்தது. அதற்கு நிறைமாதம். வயிறு இரண்டு பக்கமும் தள்ளியிருந்தது.

"எழுந்தாச்சா அண்ணாச்சி? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். எப்போ ஏறலாம்?"

இரட்டைக்கொம்புக்கு அந்தப் பக்கம் ஒரு புல்வெளி உண்டு. வெயில் முதலில் அங்கேதான் விழும். இந்தப் பக்கம் பனிக்கடியில் புல் செத்துக் கிடக்கும்போதே அங்கே முழங்கால் உயரத்துக்கு முளைத்துவிடும். கூர்ங்காலியின் குட்டி அங்கே பிறந்தால் அதற்குப் பால் உண்டு. இங்கே பிறந்தால் தாய் மடியில் என்ன இருக்கும்? அதனால்தான் அந்த அவசரம்.

மலையேறுவதற்கு அங்கே இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஏறி இறங்கும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது. அது நரிக்காகப் போட்டது. முன்னால் நடந்து பனியை மிதித்துத் தடம் போடுகிறவர் எந்த வழியைச் சொல்கிறாரோ, அந்த வழியில்தான் எல்லாரும் போக வேண்டும். தடம் போடும் அளவுக்குக் கனம் உள்ளது பாறையன் ஒன்றுதான்.

தேவதாரு மரத்தடியில் எல்லாம் கூடின. கூர்ங்காலி, நரி, பஞ்சு என்ற முயல், மேலே கிளையில் ஒரு காகம். பாறையன் ஈர மண்ணில் நகத்தால் மலையை வரைந்தது.

"போறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு முகட்டு வழி. ஒரே பாறை, காத்து ஆளைத் தூக்கும், சுத்தும் அதிகம். இன்னொண்ணு பள்ளத்து வழி. காத்து கிடையாது. நேரே ஏறினா ரெண்டு கொம்புக்கும் நடுவிலே போய் நிப்போம். கிழக்கு வெளுக்கும்போதே கிளம்பிடணும். அப்பதான் பனி இறுகி இருக்கும். வெயில் ஏறினா கால் புதையும்."

"மேகம் வந்தா?" என்று காகம் கேட்டது.

"நீ கத்து. நாம திரும்பிடுவோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். கூர்ங்காலி மட்டும் தயங்கியது.

"பள்ளத்து வழிதானா அண்ணாச்சி? அந்த மழைக்கு அப்புறமுமா?"

எந்த மழை?

நடந்தது இதுதான். தை மாதத்தில், யாரும் எதிர்பாராதபடி, பனியின் மேல் ஒரு மழை கொட்டியது. கொட்டிய தண்ணீர் அப்படியே உறைந்து, பள்ளம் முழுக்கக் கண்ணாடி விரித்ததுபோல் ஆகிவிட்டது. பிறகு விழுந்த பனியெல்லாம் அந்தக் கண்ணாடியின் மேல் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருந்தது. காட்டில் இதை அறியாதவர்கள் கிடையாது, பாறையனைத் தவிர. அது அப்போது குகைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"எந்த மழை?" என்ற கேள்வி பாறையனின் தொண்டைவரைக்கும் வந்தது. அதற்குள் நரி ஓரக்கண்ணால் பார்ப்பது தெரிந்தது. அதன் வாய் ஏற்கனவே சிரிப்புக்குத் தயாராக இருந்தது.

"அது எனக்குத் தெரியாதா?" என்றது பாறையன். "மழையை எல்லாம் கணக்கில வெச்சுத்தான் சொல்றேன்!"

"அப்போ சரி! அண்ணாச்சியே சொல்றப்போ நமக்கென்ன பயம்!" என்று கூர்ங்காலி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. நரியும் வாயை மூடிக்கொண்டது. காகம்தான் மழையைப் பற்றிச் சொல்லியிருக்கும் என்று அது நினைத்தது. காகமோ, நரி சொல்லியிருக்கும் என்று நினைத்தது.

அன்று சாயங்காலம் பாறையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரும் பார்க்காமல் முயல் வளைக்குப் போனது. பஞ்சு சின்னப் பிராணி. சிரிக்காது. அதனிடம் கேட்டுவிடலாம்.

"பஞ்சு..."

"வாங்க அண்ணாச்சி! நல்லவேளை நீங்க எழுந்தீங்க. பள்ளத்தை நினைச்சாலே எனக்கு ஈரக்குலை நடுங்கும். நீங்க கணக்குப் போட்டாச்சுன்னு சொன்னதும் பயமெல்லாம் பறந்துபோச்சு!"

முயலின் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

"ஒண்ணுமில்லே. சீக்கிரம் தூங்குன்னு சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பாறையன் திரும்பி நடந்தது. தூங்கு என்று சொன்னது தன் வாய்தானா என்று அதற்கே வெட்கமாக இருந்தது.

குறித்த நாளில் கிழக்கு வெளுக்கும்போதே கிளம்பினார்கள். பாறையன் முன்னால் மிதித்துப் போனது. அதன் கால் குழிகளில் ஆடு கால் வைத்தது. ஆட்டின் பின்னால் முயல். கடைசியில் நரி. பாதிப் பள்ளம் வரை ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு பாறையனின் கால் பனிக்குள் இறங்கி எதன்மேலோ இடித்தது. டக்! பாறை இல்லை. வழுவழு என்று, சில்லென்று, நகம் பிடிக்காத ஏதோ ஒன்று. அடுத்த அடியிலும் அதேதான்.

அந்த மழை என்பது என்ன என்று அப்போது பாறையனுக்கு விளங்கிவிட்டது. காலே சொல்லிவிட்டது. திரும்பலாம் என்று ஒரு வார்த்தை போதும். அது நின்றது. வாயைத் திறந்தது.

"என்ன அண்ணாச்சி, நின்னுட்டீங்க? தூக்கம் வருதா?" என்று பின்னாலிருந்து நரி கேட்டது. முயல் கிளுக்கென்று சிரித்தது.

பாறையன் வாயை மூடிக்கொண்டு அடுத்த காலைத் தூக்கி வைத்தது.

கும் என்று ஒரு சத்தம். மேலே பனியில் ஒரு கோடு கிழிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த பனி மொத்தமும் பாய் உருவினாற்போல் நழுவியது. முயல் எகிறி ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டது. நரி ஓரமாகப் பாய்ந்தது. பாறையன் உருண்டு புரண்டு கீழே வந்து விழுந்தது. எழுந்து பார்த்தால், கூர்ங்காலியைக் காணோம்!

"அக்கா! ஆட்டக்கா!" என்று முயல் அலறியது.

பாறையன் வெறிபிடித்தாற்போல் தோண்டியது. இங்கே தோண்டியது, அங்கே தோண்டியது. காகம் தாழப் பறந்து வட்டமிட்டது.

"கொம்பு! அதோ கொம்பு தெரியுது!"

கூர்ங்காலியை வெளியே இழுத்தபோது உயிர் இருந்தது. ஆனால் பின்னங்கால் ஒன்று முறிந்து தொங்கியது. ஆடு முதலில் வயிற்றைத்தான் நக்கிப் பார்த்தது. உள்ளே குட்டி அசைந்தது. பிறகுதான் நிமிர்ந்து பாறையனைப் பார்த்தது.

"மழை கணக்கில இருக்குன்னு சொன்னீங்களே அண்ணாச்சி?"

அதில் கோபம் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்பதுபோல்தான் கேட்டது. கோபமாகக் கேட்டிருந்தால் பாறையன் தாங்கிக்கொண்டிருக்கும்.

"எனக்கு எந்த மழையும் தெரியாது. நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்" என்றது பாறையன், பனியைப் பார்த்துக்கொண்டே.

நரிதான் மெதுவாகச் சொன்னது.

"நீங்க தூங்குவீங்கன்னு காட்டுக்கே தெரியுமே அண்ணாச்சி. அதை யார்கிட்ட மறைச்சீங்க?"

பிறகு அதுவும் தலையைத் தொங்கப்போட்டது. "நான் சிரிச்சதாலதானா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டது.

பாறையன் கூர்ங்காலியை முதுகில் சுமந்து கீழே இறங்கியது. சில நாளில் தேவதாரு மரத்தடியில் குட்டி பிறந்தது. மெலிந்த குட்டி. தாய் மடியில் பால் சுரக்கவில்லை. பாறையன் தனியாக முகட்டு வழியில் ஏறி, காற்றில் தள்ளாடி, அந்தப் பக்கத்துப் புல்லை வாய் நிறையக் கவ்விக்கொண்டு வந்து போட்டது. திரும்பப் போனது. மறுபடி வந்தது. வசந்தம் முழுக்க அதுதான் அதன் வேலை. குட்டி எப்படியோ தேறிவிட்டது. கூர்ங்காலியின் கால் தேறவில்லை. சேர்ந்த எலும்பு கோணலாகச் சேர்ந்தது. அந்த ஆடு அதன்பிறகு மலையேறவே இல்லை.

அடுத்த பங்குனியில் பாறையன் எழுந்ததும் நேராகத் தேவதாரு மரத்தடிக்குப் போனது. எல்லாரையும் கூப்பிட்டது. உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கேட்டது.

"நான் தூங்கிட்டேன். இங்கே என்னென்ன நடந்துச்சு? யாராவது சொல்லுங்க!"

நரி சிரிக்கவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குளம்புச் சத்தம், ஒரு கால் இழுபட, மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. பாறையன் தலையைக் குனிந்துகொண்டது.

"மொதல்ல உட்காருங்க அண்ணாச்சி" என்றது கூர்ங்காலி. "கார்த்திகையிலேருந்து சொல்றேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன், தன்னை நம்பிப் பின்னால் வருகிறவர்களைத்தான் முதலில் பள்ளத்தில் தள்ளுகிறான்.